இருபத்திரண்டாவது நிமிடம்

இருபத்திரண்டாவது நிமிடத்தில் உயிர் போய்விடும் என்று இளம்பரிதிக்குத் தெரியும். நேற்றே இரண்டு முறை பார்த்துவிட்டான். இப்போது திரையில் சோதனைப் படம் ஓட ஆரம்பித்து ஆறாவது நிமிடம். வந்த மனிதரோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நல்லாத்தானுங்க ஓடுது," என்றார் சந்திரமோகன்.

"சூப்பரா ஓடுமுங்க. அஞ்சு நிமிஷம் பாத்தாலே தெரிஞ்சிரும். கழட்டிக் குடுத்துரட்டுங்களா?"

"எம் பையன் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாக்கச் சொல்லி அனுப்பிருக்கானுங்க."

இளம்பரிதி விற்பதாக விளம்பரம் போட்டிருந்தது தன் கம்ப்யூட்டரில் படங்களைத் திரைக்கு ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை. கம்பைநல்லூர் வட்டாரத்துக் கல்யாண வீடியோக்களை மூன்று வருடமாக அதில்தான் எடிட் செய்தான். சீக்கிரம் முடிக்கும் ஆசையில் கார்டின் வேகத்தை அதற்கு உரிய அளவுக்கு மேல் ஏற்றி வைத்தான். ஓவர்கிளாக் என்பார்கள்.

முதல் வருடம் பறந்தது. இரண்டாம் வருடம் மாவு மில் போல இரைந்தது. இப்போது பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டாலும், இருபத்திரண்டு நிமிடம் சூடேறியதும் திரை முழுக்கப் பச்சையும் ரோஸுமாகக் கட்டங்கள் கொட்டுகின்றன. அப்புறம் ஒரேயடியாகக் கறுத்துவிடுகிறது.

இது விலை போனால்தான் புதுக் கார்டு வாங்க முடியும். புதுசு வந்தால்தான் தேங்கிக் கிடக்கும் நாலு வீடியோக்கள் முடியும், பையன் தொழில் நன்றாக ஓடுகிறது என்ற பேச்சு மொரப்பூரில் அவனுக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் காதுக்குப் போகும். விசாரித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் சொல்லி இருபது நாள் ஆகிறது. போட்டோவில் பார்த்த கலைமதியை அவனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. இவள் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு.

சந்திரமோகன் சட்டைப் பையிலிருந்து மகன் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஓவர்... கிளாக்... கீது பண்ணலைங்களே?"

"சத்தியமா இல்லீங்க. கை வெச்சதே இல்ல."

பன்னிரண்டாவது நிமிடம். நல்லவேளையாக மனிதர் திரையைப் பார்த்ததைவிட வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததுதான் அதிகம்.

"வேலை தெனமும் வருதுங்களா?"

"முகூர்த்த மாசம்னா சாப்புடக்கூட நேரம் இருக்காதுங்க," என்றபடி எழுந்தான். இப்படியே பேச்சுக் கொடுத்து வாசல் வரைக்கும் நகர்த்திவிட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தீர்த்தம்மாள் உள்ளே வர வேண்டுமா? "நல்லா இருக்கே! வூட்டுக்கு வந்தவரு ஒரு வாய் சாப்புடாமப் போறதா? கேசரி கிண்டியிருக்கேன், பஜ்ஜி எண்ணெயில கெடக்குது."

பழைய சாமான் வாங்க வந்தவருக்கு முந்திரி போட்ட கேசரி எதற்கு? இளம்பரிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா அதோடும் விடவில்லை. "ஏன்டா, தெனமும் இந்தப் பொட்டிக்கு ஃபேன் வெப்பியே, இன்னைக்கு வெக்கலையா?"

"ஃபேன் எதுக்குங்க?" என்றார் சந்திரமோகன்.

"வெயிலுக்குங்க," என்றான் அவசரமாக.

"எனக்குக்கூட வெச்சதில்ல. பொட்டிய அப்படிப் பாத்துக்குவான்!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினெட்டாவது நிமிடம். இனி நிறுத்தியே ஆக வேண்டும் என்று இளம்பரிதி மவுஸில் கை வைத்தான்.

"ஓடட்டுங்க தம்பி. சாப்ட்டுட்டு வந்து பாப்போம்."

கூடத்தில் அவனையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். எழப் போனால் அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள், இன்னொரு பஜ்ஜி வைத்தாள். சொந்த வீட்டிலேயே கையும் காலும் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் கணக்கில் இருபத்திரண்டாவது நிமிடம் தாண்டி இருபத்து நாலும் ஆகிவிட்டது.

"கை கழுவிட்டு வர்றேன்," என்று எப்படியோ எழுந்து அறைக்குள் ஓடினான்.

திரை கறுத்துக் கிடந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டு, சோதனையை முதலிலிருந்து ஓடவிட்டு, நேரம் காட்டும் மூலையை மறைத்து வைத்தான். சந்திரமோகன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தபோது படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம் ஆயிருச்சு பாருங்க. ஒரு புள்ளி பிசகல."

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். "கார்டப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? உங்க வார்த்தைய நம்பித்தான் எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் பையன் மாட்டிப் பாத்துருவான்."

போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டு, கார்டை மடியில் வைக்காத குறையாகப் பைக்கில் எடுத்துப் போனார். தெரு முனையில் பைக் திரும்பிய பிறகுதான் இளம்பரிதிக்கு மூச்சே வந்தது. மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் தப்பித்த நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒழிஞ்சுதும்மா. ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எதுக்கு இத்தன உபசாரம்? மாட்டிக்கிட்டு முழிச்சது நானு."

"தெரியாத ஆளுன்னு யார்றா சொன்னது?" அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "அவரு வர்றாருன்னு தரகரு காலையிலயே போன் பண்ணிட்டாரு. சொன்னா நீ நடிக்க ஆரம்பிச்சிருவியோன்னுதான் உங்கிட்ட சொல்லல."

"யாரும்மா அவரு?"

"கலைமதியோட தாய்மாமன்டா!"