ஆபீஸ் களி

"இன்னிக்கு எப்டி வோணும்? கெட்டியாவா, கொழகொழன்னா?" அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் வேம்புலியம்மாள்.

"கெட்டியாவே கிண்டுங்க அத்தை. இன்னிக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க" என்றாள் மருமகள் லாவண்யா.

"நேத்து கிண்டனது நல்லா எறங்கிச்சா?"

"சூப்பரா இறங்கிச்சு. மிச்சமே இல்ல!"

வேம்புலியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. துடுப்பு இன்னும் வேகமாகச் சுழன்றது.

பாரிவாக்கத்தில் அந்த வீட்டில் மட்டும் தினமும் இரண்டு பாத்திரத்தில் கேழ்வரகுக் களி. சின்னச் சட்டியில் வீட்டுக்கு, அலுமினியக் குண்டானில் ஆபீசுக்கு. ஒருநாள் மகன் கார்த்திகேசன் தெரியாமல் குண்டானில் கை வைத்துவிட்டான். "கைய எடுடா! அது ஆபீஸ் களி" என்று துடுப்பாலேயே ஒன்று போட்டாள். பெற்ற பிள்ளையைவிட மருமகளின் ஆபீஸ் ஒசத்தியாகிவிட்டது, பாருங்கள்!

"எங்க கேன்டீன்ல உங்க களிக்கு அடிச்சுக்கறாங்க அத்தை" என்று லாவண்யா விட்ட கதை அப்படி.

கதைதான். உண்மை வேறு. லாவண்யா வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், கழிப்பறைக் கோப்பை செய்யும் ஒரு கம்பெனியில்; அதுவரை வீட்டுக்கே தெரியும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள பள்ளிக்கூடங்களுக்காக, ஒரே ஒரு சொம்புத் தண்ணீரில் சுத்தமாகிவிடும் கோப்பையை அவள் உருவாக்கியிருந்தாள். அதைச் சோதிக்க 'அது' மாதிரியே ஒரு பொருள் வேண்டாமா? மைதா மாவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. களிமண் குழாயை அடைத்தது. கடைசியில் மாமியாரின் களிதான் கனத்திலும் வழுக்கலிலும் அச்சு அசலாகப் பொருந்தியது.

இதை எந்த வாயால் சொல்வது? கீழே சிந்திய பருக்கையைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிற மனுஷி அத்தை. தன் களி எங்கே போகிறதென்று தெரிந்தால் அன்றோடு மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை முடிந்தது. லாவண்யாவுக்கு அத்தை மேல் உசிரு. அதனால் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு, பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டித்தரும் ஓர் அறக்கட்டளையிலிருந்து சோதனை பார்க்க வருகிறார்கள். தேறினால் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் லாவண்யாவின் கோப்பைதான். தேறாவிட்டால் பரண்தான்.

"என் கோப்பை தோக்காது சார். நீங்க தைரியமா இருங்க" என்று மேனேஜர் ரவிச்சந்திரனிடம் அடித்துச் சொன்னவள், அந்தப் பரபரப்பில் குண்டானையே வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள்! புருஷனுக்கு போன் போட்டாள். "யார் மூலமாவது ஆட்டோவுல கொடுத்து அனுப்புங்க. சீக்கிரம்!"

வந்தது குண்டான் மட்டுமல்ல.

"இன்னா லாவண்யா, ஆபீஸ் களிய உட்டுட்டு வந்துகீறியே!" என்று சோதனை அறை வாசலில் வேம்புலியம்மாளே நின்றாள். இடுப்பில் குண்டான்.

லாவண்யா ஓடிவந்து கையை நீட்டினாள். "கொடுங்க அத்தை. நீங்க ரிசப்ஷன்ல ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

"நான் இங்கயே நின்னுக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

"அம்மாவும் இருக்கட்டுமே. நேரமாச்சு, ஆரம்பிங்க" என்றார் அறக்கட்டளை அதிகாரி இராமகிருஷ்ணன்.

இனி ஒளிக்க வழியில்லை. ஒருபக்கம் அத்தை, இன்னொரு பக்கம் ஒதுங்க இடமில்லாமல் பாதியில் படிப்பை விடுகிற பெண்பிள்ளைகள். ராத்திரி காலில் விழுந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தாள். களியை உருட்டிக் கோப்பையில் போட்டாள். மாமியார் நின்ற திசையில் திரும்பவே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

ஒரே இழுப்பு. அத்தனை உருண்டையும் போன இடம் தெரியவில்லை.

"அடி தூள்!" என்று கத்தினார் ரவிச்சந்திரன்.

இராமகிருஷ்ணன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு பொட்டுகூட ஒட்டல. இனி யோசிக்க ஒண்ணுமில்ல. எங்க பள்ளிக்கூடத்துக்கெல்லாம் உங்க கோப்பைதான்மா."

எல்லோரும் கை தட்டினார்கள். லாவண்யாவுக்கு மட்டும் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை. மிச்சக் களியோடு இருந்த குண்டானை அணைத்துக்கொண்டு வேம்புலியம்மாள் கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நமக்கு தருமபுரிப் பக்கம். களியைப் பாத்தா கை சும்மா இருக்காது" என்று சிரித்தபடி வந்த இராமகிருஷ்ணன், கையைக் கழுவிக்கொண்டு குண்டானிலிருந்து ஒரு துண்டு கிள்ளினார்.

"ஐய, வாணாம் சார்!" என்று பதறினாள் வேம்புலியம்மாள்.

போச்சு, கோபம் வெடிக்கப் போகிறது என்று லாவண்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குள் களி அதிகாரியின் வாய்க்குள் போய்விட்டது. அவர் முகம் கோணியது. "என்னம்மா இது, உப்பே இல்ல!"

லாவண்யா திடுக்கிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அந்தக் களியை வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை.

வேம்புலியம்மாள் மருமகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "உப்பு போட்டாத்தான் சார் அது சோறு. கக்கூஸுக்குப் போறதுக்கு எதுக்கு உப்பு? மொத நாள்லேந்தே நான் போடறதில்ல."