யார் வேண்டுமானாலும் வரலாம்

நிர்வாகி உரிமையோடு இயக்கினால் மட்டும் அலுவலக மென்பொருள் ஒன்றின் ஜன்னல் ஜெசிந்தாவின் கணினித் திரையில் திறக்க மறுத்தது. பக்கத்து இருக்கைப் பரிதி எட்டி அவள் விசைப்பலகையில் ஒரே ஒரு வரி அடித்தான். ஜன்னல் திறந்துகொண்டது.

"என்ன பண்ணுன?"

"உன் திரைக்குள்ள யார் வேணா வரலாம்னு சொல்லிட்டேன். வேலை முடியட்டும், நானே மூடிடுறேன்."

மூடினானா என்று அவள் பார்க்கவில்லை. தினமும் அவள் டிபன் டப்பாவில் பாதியைச் சாப்பிடுகிறவன்.

சில வாரங்கள் கழித்து, இன்று மேலாளர் கூப்பிட்டார். "எங்கிட்ட வேலை பாக்குறதுக்கு வீட்ல சும்மா இருக்கலாமாமே?"

அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தங்கைக்கு அனுப்ப அடித்து, மனம் மாறி, அனுப்பாமலே அழித்தது. அப்படித் திரைக்குள் வருகிறவர்கள் ஜன்னல் திறப்பதோடு நிற்பதில்லை, அடிக்கிற எழுத்தையும் பார்க்கலாம் என்பது இருக்கைக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

"சாப்பிடலாமா?" என்றான் பரிதி, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எதையோ தட்டியபடி.

அவள் தன் திரைக்குத் திரும்பினாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து மெதுவாக அடித்தாள்: இன்னும் மூடலையாடா?

பக்கத்து இருக்கையில் தட்டும் சத்தம் நின்றது.