முன்னறையின் அளவு

ஒரு எறும்புப் புற்றின் வாசலருகே சின்னதாய் ஒரு முன்னறை இருந்தது. அடிக்கடி தேவைப்படும் தானியம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே இல்லாததைச் சுமையெறும்பு ஆழத்துக் கிடங்குக்கு இறங்கித்தான் தூக்கிவர வேண்டும்.

"ஏறி இறங்கி முழங்காலே போச்சு. அறையைக் கொஞ்சம் பெரிசாக்கினா என்ன?" என்று அது கேட்டது.

கணக்கெறும்பு வாசலில் நின்று சுமையெறும்பு கிடங்குக்குப் போய்வரும் நடைகளை எண்ணிப் பார்த்தது. "இன்னொரு பங்கு வெட்டினா உன் நடை பாதியாகும்."

இரண்டும் வெட்டின. சொன்னபடியே பாதியானது.

"இன்னும் வெட்டினா?"

"இன்னும் கொஞ்சம் குறையும். வெட்டிக்கிட்டே போனா ஒரு நடைகூட இருக்காது."

பக்கத்து அறையில் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்த தாதியெறும்பு ஓடிவந்தது. "அக்கா, நீங்க வெட்டுற சுவர்லதான் எங்க கூரை நிக்குது."

"நான் பார்க்கிறது நடைக்கணக்கு. சுவரெல்லாம் என் கணக்குல வராது," என்று கணக்கெறும்பு எரிந்து விழுந்தது.

சுமையெறும்பு தாதியின் முகத்தைப் பார்த்தது. பிறகு தன் முழங்காலைப் பார்த்தது. மறுபடி வெட்டத் தொடங்கியது.

முன்னறை அரண்மனை மாதிரி ஆனது. கிடங்கிலிருந்த தானியமெல்லாம் மேலே வந்து குவிந்தது. முதல் மழையிலேயே கூரை மொத்தமாக இறங்கியது. முட்டைகளோடு தாதியும், தானியத்தோடு சுமையெறும்பும் மண்ணுக்குள் போயின.

கணக்கெறும்பு வழக்கம்போல வாசலில் நின்று எண்ணியது. அன்று கிடங்குக்கு ஒரு நடைகூட இல்லை.