கண்ணடிக்கிற மீட்டர்

மாவு ஊற்றிய கேக் டின்னை முந்தானையால் மூடிக்கொண்டு நிர்மலா பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, இஷ்ரத் ஓவன் முன்னால்தான் நின்றிருந்தாள்.

"இஷ்ரத்து, பூவிழிக்கு இன்னிக்குப் பொறந்தநாள். யூடியூப்பப் பாத்து நானே கலக்கிட்டேன். உன் ஓவன்ல ஒரு ஓரமா வச்சுக் குடுத்துடேன்."

ஓவனில் ஓரம் ஏது? ஆனால் அதைச் சொல்ல இஷ்ரத்துக்கு வராது. அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். வீதியில் யார் டின்னோடு வந்தாலும், "வச்சிட்டுப் போங்கக்கா" என்று விடுவாள். அன்றும் அதற்குத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வாசலிலிருந்து மாமியார் ரமீஜாவின் குரல் வந்துவிட்டது.

"ஏ புள்ள, இந்த மீட்டர வந்து பாரு. செவப்பு லைட்டு பீச் ரோட்டுப் பசங்க மாதிரி கண்ணடிச்சிட்டே இருக்குது. மாவு அவங்களுது, கேக்கு அவங்களுது, கரண்டு மட்டும் நம்முளுதா?"

"மாமி, அக்கா இங்கதான் இருக்காங்க."

"இருக்கட்டும். கேக்கட்டும்னுதான சொல்றேன்."

நிர்மலா டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. "எப்படித்தான் இந்தம்மாவோட குப்பை கொட்றியோ" என்று, ரமீஜாவின் காதில் விழும்படியே இஷ்ரத்திடம் கிசுகிசுத்துவிட்டு வெளியேறினாள்.

எதிர்வீட்டு தீபலட்சுமி கேட்டருகே நின்றிருந்தாள். போதாதா?

"கஞ்சம்னா அப்படியொரு கஞ்சம் தீபா. ஒரு கேக்கு. அதுக்குப் போய் மீட்டரக் காவல் காக்குது அந்தம்மா."

"போன வாரம் என் டின்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பிச்சிது. பாவம், அந்தப் பொண்ணு தங்கம். வாச்ச மாமியார் அப்படி."

இருவரும் இஷ்ரத்துக்காக மனமார வருத்தப்பட்டார்கள். அதற்குக் கரண்ட் செலவாகாது.

வீட்டில் கணவன் வெற்றிச்செல்வன் டின்னைப் பார்த்தான்.

"அதான் உங்கண்ணன் குடுத்த ஓவன் நம்ம வீட்லயே இருக்குதே?"

இருந்தது. பிரிட்ஜ் பக்கத்தில், பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் ரோஜாவோடு. புதுசில் நிர்மலா அதில் தினம் எதையாவது சுட்டுத் தள்ளினாள். கரண்ட் பில் வந்த அன்று போர்த்திய துணி அது.

"அதப் போட்டா பில்லு என்னாவும்னு தெரியுமா உங்களுக்கு? பேச வந்துட்டீங்க."

கேக் இல்லையா என்று பூவிழி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். சரி, கடையிலேயே சொல்லிவிடலாம் என்று நிர்மலா போனைத் தேடினாள். டின்னோடு கிளம்பிய கோபத்தில் அதை இஷ்ரத் வீட்டு மேசையிலேயே விட்டு வந்திருந்தாள்.

மானம் போன வீட்டுக்கே மறுபடி போகவேண்டியதாயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரே சிரிப்பு. ஜன்னல் வழியே பார்த்தாள். ரமீஜா தரையில் உட்கார்ந்து கேக் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். இஷ்ரத் அவளுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமி, இன்னிக்குக் கொஞ்சம் ஓவராப் பூட்டீங்க. அக்கா மொகமே சுண்டிப்போச்சி."

"சுண்டட்டும். ஊரு டின்ன எல்லாம் உள்ள வுட்டுட்டு, உழவர்கரைக்குப் போவ வேண்டிய ஆர்டர நேரத்துக்குக் குடுக்க முடியாம போன மாசம் ஒக்காந்து அழுதியே. நான்தான பாத்தேன்."

"அதுக்குன்னு வீதி பூரா உங்களக் கஞ்சம்னு பேசுறாங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு மாமி."

"பேசிட்டுப் போறாங்க. முடியாதுன்னு சொல்ல ஒனக்கு வாய் வராது. இந்த வயசுல நல்ல பேரு வாங்கி எனக்கு என்னா ஆவப்போவுது? ஓவன் உனுது, கெட்ட பேரு எனுது. அந்தக் கத்திரிக்கோல எடு."

நிர்மலாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே திரும்பிவிடலாம் என்றால், போன் உள்ளே இருக்கிறது. வேறு வழியில்லாமல் லேசாக இருமினாள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. அடுத்த நொடி ரமீஜாவின் குரல் வீதி வரைக்கும் கேட்டது.

"இன்னுமா ஓவன நிறுத்தல? மீட்டரு எப்படிக் கண்ணடிக்குது பாரு புள்ள."

நிர்மலா நிமிர்ந்து வாசல் மீட்டரைப் பார்த்தாள். ஓவன் எப்போதோ அணைந்திருந்தது. சிவப்பு விளக்கு நெடுநேரத்துக்கு ஒரு முறை சிமிட்டித் தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு உள்ளே, மருமகளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தவள் ரமீஜாதான்.