தூக்கம் வராத தலைவர்

கிளப் தலைவர் பந்தை அடிக்கக் குனியுறப்ப பொண்டாட்டி போன் பண்ணா. "இன்னைக்காவது பாப்பாவைப் பார்த்துக்கோங்களேன். நான் தூங்கி நாளாச்சு."

"அறிவிருக்கா? ஆட்டிசம் பிள்ளைங்க குடும்பத்துக்கு நிதி திரட்ட கோல்ஃப் ஆடிட்டு இருக்கேன். வை போனை."

சாயங்காலம் மேடையில மனுஷன் உருகு உருகுன்னு உருகினார். "அந்த அம்மாக்கள் படுற பாட்டை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலைங்க." கைதட்டல் கூரையைப் பிச்சுது.

அந்தப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கிற தெரபி டீச்சர் மைக்கை வாங்கினாங்க. "இந்த நிதியில முதல்ல உதவி போறது, மகளை ஒத்தையா வளர்க்கிற ஒரு அம்மாவுக்கு. வருஷக்கணக்கா தெரபிக்கு வர்றாங்க, துணைக்கு ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்ல. இனி ஞாயித்துக்கிழமை அந்தப் பாப்பாவைப் பார்த்துக்க நாங்க ஆள் அனுப்புறோம்."

அந்த அம்மாவுக்குக் குடுக்கத் தலைவர் பூங்கொத்தோட திரும்பினார். சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்ட மகளோட அவர் பொண்டாட்டி நின்னா.

"இனி ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் போன் வராது," மெதுவா சொன்னா. "சிரிங்க தலைவரே, போட்டோ எடுக்கிறாங்க."