பைலட்டுக்கு ஆபரேஷன்

"ஏளா, வாயில்லா ஜீவனை அறுக்கணும்னு சொல்லுதியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

பெனிஸ்டன் கேட்டது மில்லர்புரம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவன் மனைவி ஜெபசுதா சோபாவில் ஈரமாகியிருந்த இடத்தை டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரமாக்கிய வாயில்லா ஜீவனோ, அவள் செருப்பின் மேல் ஏறி, நாலு பேர் பார்க்கக்கூடாத காரியத்தைச் செய்துகொண்டிருந்தது.

ஜீவனின் பெயர் பைலட். ஆண் முயல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெனிஸ்டன் வைத்த பெயர். கப்பலை வழிகாட்டி உள்ளே கூட்டி வருகிற பைலட்டின் மிடுக்கு அதன் நடையில் இருக்கிறதாம்.

அதற்குத் துணை வேண்டுமென்று மூத்த மகள் ரேச்சல் அழுததால் பிங்கி என்று ஒரு பெட்டையும் வந்து சேர்ந்தது. முதல் ஈற்றில் ஆறு குட்டி. அடுத்த மாதமே ஏழு.

முதல் ஆறையும் அக்கம்பக்கத்தார் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்த ஏழு குட்டிகளையும் அட்டைப்பெட்டியோடு வந்து மொத்தமாக வாங்கிப்போன புண்ணியவான், ஓட்டல் நடத்துகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. ரேச்சல் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"இன்னொரு ஈத்துக்கு என்னால ஆகாது. டாக்டர்ட்ட கேட்டுட்டேன். சனிக்கிழமை வரச் சொல்லிட்டாரு" என்றாள் ஜெபசுதா.

"ஆம்பளைய ஆம்பளையா இருக்க விடமாட்டிய. அவன் மனசு என்ன பாடுபடும்?"

"அவன் மனசு இப்போ என் செருப்பு மேல இருக்கு."

சனிக்கிழமை ஆளுக்கொரு கூடையில் இரண்டு முயல்களையும் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சிவசுப்பிரமணியன் பொறுமையாக விளக்கினார்.

"ஆணுக்குன்னா சின்ன வேலை. சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டு போயிரலாம். பெட்டைக்குன்னா வயித்தைத் திறக்கணும். மயக்கமும் கூட நேரம் குடுக்கணும். ரிஸ்க் அதிகம்."

பெனிஸ்டன் தாடையைத் தடவியபடி தீர யோசித்தான்.

"அப்போ பெட்டைக்கே பண்ணிருங்க டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். ஜெபசுதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்போ எதுக்குச் சிரிக்க?"

"ஒண்ணுமில்லங்க. டாக்டர், பைலட் இந்தக் கூடையில இருக்கான். புடிங்க."

முக்கால் மணி நேரம். பெனிஸ்டன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஜெபம் பண்ணினான். முயலுக்காக ஜெபம் பண்ணலாமா, கூடாதா என்று பாதியில் சந்தேகம் வந்ததால், கண்ணைத் திறந்துகொண்டே பண்ணினான்.

மயக்கம் தெளியாமல் துண்டில் சுருண்டு வந்த பைலட்டை அவன் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக்கொண்டான்.

"தெளிஞ்சதும் ஏதாவது தின்னணும். புழுக்கை போடணும்" என்றார் டாக்டர். "ராத்திரிக்குள்ள ஒண்ணும் தின்னலைன்னா சிரிஞ்ச்ல ஊட்டுங்க. காலைலயும் புழுக்கை போடலைன்னா உடனே தூக்கிட்டு வந்துருங்க. முயலுக்குக் குடல் நின்னுட்டா உசுருக்கே ஆபத்து."

அவ்வளவுதான். பெனிஸ்டன் அங்கேயே நின்று துறைமுகத்துக்குப் போன் போட்டான். சூப்பர்வைசர் பால்துரை எடுத்தார்.

"அண்ணாச்சி, மூணு நாள் லீவு வேணும். வீட்ல ஒரு ஆபரேஷன்."

"அய்யய்யோ, யாருக்குலே?"

"பையனுக்கு."

"உனக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைல்லா?"

பெனிஸ்டன் போனைக் கட் பண்ணிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அவன் போகவில்லை. பிரசங்கத்துக்கு நடுவில் ஜெபசுதாவின் போன் அதிர்ந்தது. என்னமோ ஏதோவென்று வெளியே ஓடிவந்து எடுத்தாள்.

"ஏளா, போட்டுட்டான்! பதினாலு!"

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மூன்று நாளும் பைலட்டுக்கு ராஜ உபசாரம். ஃபேன் காற்று நேராக அடிக்காமல் ஒரு தடுப்பு. தையலை நக்கிவிடாமல் ஒரு காவல். தீவனத்தை அரைத்து, கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக ஊட்டல். பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தால் "ஷ்ஷ், அவன் தூங்குதான்!"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அற்புதமணி, தரையில் குப்புறப்படுத்து முயலுக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெனிஸ்டனைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கொடுத்து வச்சவ நீ, ஜெபா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே! காய்ச்சல்னு நான் படுத்தா, காப்பி எங்கன்னு கேக்கும்."

பெனிஸ்டனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, கேட்கச் சுகமாகவும் இருந்தது.

"நம்மால முடிஞ்சதுக்கா. வலின்னா எல்லா உசுருக்கும் வலிதானே."

"ஒரு முயலுக்கே இப்படிப் பாக்குத மனுஷன், பொண்டாட்டிய எப்படித் தாங்கியிருப்பாரு!" அற்புதமணி ஜெபசுதா பக்கம் திரும்பினாள். "சின்னவ பொறந்தப்புறம் நீ குடும்பக் கட்டுப்பாடு பண்ணினேல்லா, அப்போ எத்தனை நாள் லீவு போட்டாரு?"

சிரிஞ்ச் பாதி வழியில் நின்றது. பெனிஸ்டன் நினைவுபடுத்திப் பார்த்தான். உண்மையிலேயே முயன்று பார்த்தான். அது எந்த மாதம் என்பதே பிடிபடவில்லை.

ஜெபசுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"அன்னைக்குக் கப்பல் வந்திருந்துச்சுக்கா. டிஸ்சார்ஜ் ஆகி நானே ஆட்டோ பிடிச்சு வந்தேன். வந்த கையோட மீன் குழம்பு வச்சேன்."

"ஏ ஆத்தா! தையலோடயா? அதுக்கு இவரு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொல்லாம என்ன? குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னாரு."