நானூற்று எழுபத்தொன்று

"நானூத்திப் பன்னெண்டு... பத்தாது. நானூத்தி ஏழு... ம்ஹூம், இது வேலைக்கு ஆகாது."

ஐஸ்கிரீம் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, லேபிள் அண்ணன் டப்பா டப்பாவாகப் படித்துக்கொண்டிருந்தார். குளிரெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அவர் அடுத்த தெரு டெய்லர். கழுத்தில் டேப், சட்டைப் பையில் சாக்பீஸ். இரண்டு மாதமாக இதே கூத்துதான். 'லேபிள் அண்ணன்' என்று கடுப்பில் பெயர் வைத்ததே கடைக்காரம்மாதான். தெரு அதை மரியாதையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

மகளோடு வந்த ஒரு பெண், கையிலெடுத்த டப்பாவைத் திரும்ப வைத்தாள். "லேபிள் அண்ணனே வேலைக்கு ஆகாதுங்கறாரு. பாலுக்குப் பதிலா எண்ணெய்தானாம், அது போதாதுன்னு இத்தனை நம்பர் வேறயா? வேணாம்டி கண்ணு, வா."

அவர்கள் போனதும் அண்ணன் ஒரு டப்பாவை எடுத்துத் துணிப்பையில் செருகிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். தினமும் இப்படித்தான்.

கடைக்காரம்மா பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏண்ணே, வர்றவங்களையெல்லாம் பயமுறுத்தி விரட்டிட்டு, நீங்க மட்டும் நைஸா வாங்கிட்டுப் போறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? மாசக் கடைசிக்குள்ள விக்கலேன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு கம்பெனி சேல்ஸ்மேன் சொல்லியிருக்கான், தெரியுமா?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "நான் யாரைம்மா விரட்டினேன்?"

"அவ்வளவு கெடுதல்னா நீங்க எதுக்கு வாங்குறீங்க?"

"கெடுதல்னு நான் எப்பம்மா சொன்னேன்? பத்தாதுன்னுதானே சொன்னேன்!"

"எது பத்தாது?"

"கலோரி." அவர் குரல் இறங்கியது. "வீட்டுல அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சில்ல... சூடா எதுவும் இறங்கலை. இது ஒண்ணுதான் வழுக்கிட்டு உள்ளே போகுது. கலோரி அதிகமா இருக்கறதாப் பார்த்து வாங்குங்க, நம்பர் டப்பாவிலேயே இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இதோ பாருங்க, நானூத்தி எழுபத்தொண்ணு! இந்தப் பெட்டியிலேயே இதுதான் பெரிசு. ரெண்டு மாசமா இதைத்தான் குடுக்கறேன். ஆனாலும் தேற மாட்டேங்குறாளேம்மா. ஒவ்வொரு வாரமும் அவ சட்டை தொளதொளன்னு ஆகுது, பிடிச்சுத் தைச்சுட்டு இருக்கேன். இன்னும் எவ்வளவுதான் பிடிக்கறது?"

கடைக்காரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தார். பத்து வருடமாக விற்கிறார், ஒரு டப்பாவைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

நானூற்று எழுபத்தொன்று இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கிற பொருளின் எண் அது. அண்ணன் தினமும் சொல்வதைக் கேட்டு, போன வாரம்தான் சேல்ஸ்மேனிடம் அதைப் பற்றிக் கேட்டுவைத்திருந்தார். கலோரி வேறு கட்டத்தில் இருந்தது. வெறும் தொண்ணூற்றைந்து. மூடிமேல் கட்டைவிரல் தடிமனில் எழுதியிருந்தது: 'கொழுப்பு குறைக்கப்பட்டது.'

"அண்ணே, மேல இவ்வளவு பெரிசா போட்டிருக்கே, இதைக்கூடவா..."

அண்ணன் மூடியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு டேப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

கடைக்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்பில் எண்கள் மட்டும்தான் இருக்கும். எழுத்து இருக்காது.

பெயர் வைத்த வாயை அடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் உள்ளே வந்தார். "அட, லேபிள் அண்ணன்! இந்த டப்பாவுல என்னென்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணன் இன்னைக்குக் கண்ணாடி எடுத்துட்டு வரலை, டீச்சர்," என்று எழுந்தார் கடைக்காரம்மா. "குடுங்க, நான் படிக்கறேன்."

சர்க்கரை, எண்ணெய், கலர், வரிசையாக எண்கள் என்று ஒரு வரி விடாமல் வாசித்தார். வியாபாரம் போனாலும் போகட்டும் என்றிருந்தது. டீச்சர் முழுதும் கேட்டுவிட்டு, "சரி, தெரிஞ்சே சாப்பிடுவோம். சின்னதா ஒண்ணு குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு கடைக்காரம்மா பெட்டியைக் குடைந்து, முந்திரி போட்ட சாக்லேட் டப்பா ஒன்றை வெளியே எடுத்தார். அண்ணனின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை உருவி, டப்பாவின் அட்டையில் கலோரி எண்ணுக்குக் கீழே கோடு இழுத்தார்.

"இனிமே கோடு போட்டதுதான் உங்க டப்பா. தனியா எடுத்துவைக்கறேன்."

"இருநூத்தி நாப்பதுதானேம்மா? நானூத்தி எழுபத்தொண்ணு பெரிசாச்சே?"

"அது நூல்கண்டுல கலருக்குப் போடற நம்பர் மாதிரிண்ணே, அளவு இல்ல. இதுதான் அளவு."

டெய்லருக்குச் சட்டென்று புரிந்தது. வாய் நிறையச் சிரித்தார்.

மாதக் கடைசியில் சேல்ஸ்மேன் வந்து பார்த்தபோது பெட்டி பாதி காலி. கடைக்காரம்மா லேபிளை வாசித்துக் காட்டியே விற்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு.

"தங்கச்சி!" மூச்சிரைக்க வந்து நின்றார் டெய்லர். "இறுக்குதுன்னு நேத்து அவ சட்டையைப் பிரிச்சு விட்டேன்! பிடிச்ச தையல்ல அரை இஞ்ச்!"

கடைக்காரம்மா முகமெல்லாம் சிரிப்பாக, எடுத்துவைத்திருந்த டப்பாவை நீட்டினார்.

அவர் போனதும் சேல்ஸ்மேன் கேட்டான். "இந்த ஆள்தானே லேபிளைப் படிச்சுப் படிச்சு வியாபாரத்தைக் கெடுக்கறார்னு சொன்னீங்க?"

"ஆமாம்ப்பா," என்றார் கடைக்காரம்மா. "எனக்கு லேபிள் படிக்கக் கத்துக்குடுத்ததே அவர்தான்."